பந்தை விட்டு முத்தாலேயைப் படம்பிடித்த ஞாயிறு

பேகம்பேட்டில் வேலை, தார்நாகாவில் விடுதி, ஞாயிறு என்றால் துணி துவைப்பது. இதுதான் என் ஹைதராபாத். அதைக் கலைத்தவள் பக்கத்து அறை முத்தாலே. ஜாம்பியாவிலிருந்து இங்கே படிக்க வந்தவள், கால்பந்தில் ஃபார்வர்ட். 2010 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை கதவைத் தட்டி, "உன்னிடம் வீடியோ கேமரா இருக்கிறதல்லவா?" என்றாள்.

ஃபின்லாந்தில் ஒரு கிளப் அவள் ஆட்டத்தைப் பார்க்கக் கேட்டிருந்தது. ஒரு முழு ஆட்டம், வெட்டி ஒட்டாமல், செவ்வாய்க்குள் வேண்டும். மே மாதம் அவளுக்குப் படிப்பும் விசாவும் முடிகின்றன. கிளப் அமையாவிட்டால் ஊரில் மாமா கடையில் உட்கார வேண்டியதுதான், ஆட்டம் அதோடு சரி. அலுவலகம் ஆன்சைட் என்று வெளிநாட்டுக்கு அனுப்பியபோது நான் வாங்கி வந்த கேமராவோ அதுவரை கல்யாண வீடுகளை மட்டுமே பார்த்தது.

அந்த ஞாயிறே சனத்நகரில் அவளுக்கு ஒரு ஆட்டம் இருந்தது. போகிறவர்களுக்கு வழி சொல்கிறேன். தார்நாகாவிலிருந்து செகந்திராபாத் நிலையத்துக்குப் பஸ், ஆறு ரூபாய். அங்கிருந்து மின்சார ரயில், ஐந்து ரூபாய், இருபத்தைந்து நிமிடத்தில் ஃபதேநகர். பிறகு சனத்நகர் தொழிற்பேட்டைக்குள் இருக்கும் மைதானத்துக்கு ஆட்டோ, முப்பது ரூபாய்.

"கிரிக்கெட்டா மேடம்?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஃபுட்பால். லேடீஸ் மேட்ச்" என்றேன்.

"ஹவ்?" என்று திரும்பி முத்தாலேயைப் பார்த்தார். 'ஆமாவா' என்று அர்த்தம். அவளும் ஆமாமென்று "ஹவ்" என்றாள். இந்த ஊரில் அவள் முதலில் கற்ற சொல் அது. மனிதர் மைதானத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, ஆட்டம் பார்க்கத் தானும் வந்து உட்கார்ந்துவிட்டார்.

மூன்று மணிக்கு ஆட்டம். "பந்தைப் பார்க்காதே, என்னையே பார்" என்று முத்தாலே படித்துப் படித்துச் சொன்னாள். மண்டையை ஆட்டினேன். ஆனால் நான் திருநெல்வேலியில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவள். பந்து போகிற இடத்துக்குக் கழுத்து தானாகப் போகிறது. முப்பதாவது நிமிடம் அவள் கோல் அடித்தாள். நான் குதித்த குதியில் கேமராவில் பதிந்தது வானமும், "போட்டுட்டா, போட்டுட்டா" என்ற என் அலறலும்தான்.

இடைவேளையில் சின்னத் திரையில் ஓட்டிப் பார்த்தாள். "நான் எங்கே?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. செவ்வாய்க்கு முன் வேறு ஆட்டமும் கிடையாது.

இரண்டாம் பாதியில் பல்லைக் கடித்துக்கொண்டு பந்தைக் கைவிட்டேன். அப்போதுதான் எனக்குக் கால்பந்தே தெரிந்தது. பந்து இல்லாமலே அவள் ஓடுகிறாள், நிற்கிறாள், திரும்பிப் பார்க்கிறாள், சட்டென்று விலகுகிறாள். ஒருமுறை இடது மூலைக்குப் பாய்ந்தாள், தடுப்பாட்டக்காரிகள் இரண்டு பேர் பின்னாலேயே ஓடினார்கள். வலப்பக்கம் ஒரே கூச்சல். ஆட்டோக்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் திரும்பவே இல்லை. நடுவில் காலியான இடத்தில் அவள் அணியின் வேறொருத்தி கோல் போட்டிருக்கிறாள். என் படத்தில் முத்தாலே மூலையில் நின்று கையைத் தூக்குவது மட்டும் இருந்தது.

இரண்டாம் பாதியில் அவள் கோலே போடவில்லை. போட்ட ஒன்றும் வானத்தோடு போயிற்று. திங்களன்று நெட் சென்டரில் உட்கார்ந்து அந்த வீடியோவையே அனுப்பினோம்.

வியாழக்கிழமை பதில் வந்தது. 'முதல் பாதியில் எதுவும் தெரியவில்லை. இரண்டாம் பாதியை மூன்று முறை பார்த்தோம். பந்தே இல்லாமல் இரண்டு பேரை இழுத்துப் போகிறாய். மே மாதம் படிப்பு முடிந்ததும் வா.' முத்தாலே என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள். நான் அழுதேன், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

நீங்களும் போனால் மைதானத்தின் மேற்குப் பக்கம் உட்காருங்கள், வெயில் முதுகுக்குப் போய்விடும். தண்ணீரும் இன்னொரு பேட்டரியும் அவசியம். ஞாயிறு மாலை ரயில் குறைவு, நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காகப் போகிறீர்களோ, அவர்களிடமிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.

போன வாரம் முத்தாலே ஃபின்லாந்தில் ஆடிய முதல் ஆட்டத்தின் வீடியோ வந்தது. தொண்ணூறு நிமிடமும் பார்த்தேன். கேமரா பந்தின் பின்னாலேயே அலைகிறது, இவள் தலை நாலு தடவை தெரிந்தால் அதிகம். 'உங்கள் கேமராக்காரருக்கும் ஊர் திருநெல்வேலியா?' என்று எழுதிக் கேட்டேன்.

ஒரே சொல்லில் பதில் வந்தது. 'ஹவ்.'