நீலம் வரும் நாள்

என் பெரியம்மா செண்பகம் தன் ஆயுளில் திருடியது ஒரே ஒரு வெல்லத் துண்டு. அதற்கு முன்பே அவளுக்குத் திருடி என்ற பெயர் வந்துவிட்டது.

1940. திண்டிவனத்துக்குப் பக்கம் பெருமுக்கல். கல்யாணமான இரண்டாம் வருடம், பத்தொன்பது வயதில், குடம் குடமாகத் தண்ணீர் குடித்து எலும்பும் தோலுமாகிவிட்டாள். புருஷன் பெரியதம்பி விழுப்புரத்தில் ரயில்வே வேலை பார்த்தார். அங்கே ஆஸ்பத்திரியில் நீரிழிவு என்றார்கள். தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி, தானே போட்டுக்கொள்ள வேண்டும். நர்ஸ் சவுரியம்மாள் சோதனையும் கற்றுக்கொடுத்தாள். கண்ணாடிக் குழாயில் நீல மருந்து, அதில் எட்டுச் சொட்டு சிறுநீர், ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்கவிட வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம். செங்கல் நிறமானால் ஏகப்பட்டது. ஊசி மருந்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மாதத்தில் பாதிக்கு மேல் நீலமும் பச்சையுமாக ஒழுங்காகத்தான் வரும். பிறகு ஒரு பருக்கை அதிகமாகச் சாப்பிடாமலேயே நாலைந்து நாள் செங்கல் நிறம்.

"வெல்லப் பானையில கை வைக்காம இது எப்பிடி செவக்கும்?" என்றாள் மாமியார் கெங்கம்மாள். பானையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கெட்டவள் இல்லை. வெல்லம் இவளுக்கு விஷம் என்று டாக்டர் சொன்னதை அப்படியே நம்பினாள். மருமகள் சாகக் கூடாது என்றுதான் பூட்டினாள். அதனால்தான் அவளை மனம் விட்டுத் திட்டக்கூட என்னால் முடியவில்லை.

மாதவிலக்காகி வீட்டுக்குத் தூரமான பெண்கள் உட்காரும் பின்கொட்டகைச் சுவரில் செண்பகம் கரிக்கோடு போட்டுவந்தாள். செங்கல் நிறத்துக்கு ஒரு கோடு, நீலத்துக்கு ஒரு புள்ளி. மூன்று மாதத்தில் அவளுக்குப் பிடிபட்டது. தூரமாவதற்கு முன் வரிசையாகக் கோடு. தூரமான அன்றே புள்ளி. அந்த நாளில்தான் வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வரும்.

அடுத்த முறை விழுப்புரம் போனபோது சவுரியம்மாளிடம் சொன்னாள்.

"டாக்டர் மனப்பிராந்திங்கறாரு. ஏன்னு எனக்கும் தெரியலம்மா. ஆனா உன் செவுத்துக் கோட்ட நான் நம்பறேன். தூரமான அன்னிக்கு மருந்தக் கொறச்சிக்கோ. வேர்த்துதுன்னா சர்க்கரை ரொம்ப எறங்கிடுச்சின்னு அர்த்தம், உடனே வெல்லம் தின்னுடு."

ஊர் திரும்பி, சுவர்க் கோடு புள்ளிக் கணக்கையும் நர்ஸ் சொன்னதையும் மாமியாரிடம் சொன்னாள். கெங்கம்மாள் சிரித்தாள். "நல்லா கீது கதை! கேட்டு வாங்கறதுக்கு நர்ஸ் பேரா?"

அதன் பிறகுதான் திருடினாள். மாமியார் குளிக்கப் போன நேரத்தில் சாவியை எடுத்து, ஒரு துண்டு வெல்லத்தை ஓலையில் சுற்றிக் கொட்டகைக் கூரையில் செருகி வைத்தாள்.

பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள். மறுநாள் மயிலம் முருகன் கோயிலுக்கு நடந்து போவதாக வேண்டிக்கொண்டு கெங்கம்மாள் விரதத்தில் இருந்தாள். காலையில் குழாய் செங்கல் நிறம். செண்பகம் மருந்தைக் கூட்டிப் போட்டுக்கொண்டு கஞ்சிக்கு உட்காரப் போனாள்; தூரமாகிவிட்டாள். கஞ்சியைத் தொடாமல் கொட்டகைக்குப் போக வேண்டியதாயிற்று. தூரமானவளுக்கு எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சோறு. உள்ளே போன மருந்தை யார் திருப்பி எடுப்பது?

வெயில் ஏறியதும் வியர்க்க ஆரம்பித்தது. ரவிக்கை நனைந்தது. எழுந்து கூரையில் கைவிட்டாள். ஓலை இருந்தது, எறும்பு இருந்தது, வெல்லம் இல்லை. அப்போது வந்த பயத்தை அவள் அறுபது வயதிலும் என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

"அத்தை, ஒரே ஒரு துண்டு குடுங்க. செத்துப்பூடுவேன் போலக் கீது."

கெங்கம்மாள் கொட்டகை வாசற்படியில் நின்று எறும்புச் சாரையைப் பார்த்தாள். கூரை வரைக்கும் போயிருந்தது. "அடி திருடி! எடுத்து ஒளிச்சி வேற வச்சிக்கினியா?"

செண்பகத்துக்கு நாக்கு குழறியது. சுவரைக் காட்டக் கையைத் தூக்கினாள். கை பாதியில் விழுந்தது, பின்னாலேயே அவளும் விழுந்தாள்.

அதன் பிறகு கெங்கம்மாள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. விஷம் என்று பூட்டினது மருந்தாக இருந்துவிட்டால்? மருந்து என்று கொடுப்பது விஷமாக இருந்துவிட்டால்? கொடுத்தும் கொல்லலாம், கொடுக்காமலும் கொல்லலாம். பக்கத்தில் கேட்க ஒரு ஆள் இல்லை. உள்ளே ஓடிப் பெட்டியைத் திறந்து ஒரு கட்டி வெல்லத்தோடு வந்தாள். விரதக்காரி தூரமானவளைத் தொடக் கூடாது. வாசற்படியில் நின்றபடியே வீசினாள். வெல்லம் செண்பகத்தின் உள்ளங்கைக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. விரல்கள் அசையவில்லை.

"எடுடி! எடுத்து வாயில போடுடி!" என்று கத்தினாள். எறும்புதான் வந்தது.

கெங்கம்மாள் படியைத் தாண்டினாள். மருமகள் தலையை மடியில் ஒருக்களித்துப் போட்டுக்கொண்டு, வெல்லத்தைப் பொடித்து எச்சிலில் குழைத்துக் கன்னத்துக்குள் தடவினாள். தடவிக்கொண்டே "முருகா, முருகா" என்று அழுதாள். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. செண்பகம் முழுங்கினாள். பிறகு கண்ணைத் திறந்து, யார் மடியில் இருக்கிறோம் என்று பார்த்து, பயந்து எழப் பார்த்தாள்.

"வேணாம் அத்தை, உங்க விரதம்..."

"படுடி."

கெங்கம்மாள் தலையைத் தூக்கி முதல்முறையாக அந்தச் சுவரைப் பார்த்தாள். கோடுகள், புள்ளிகள், மறுபடி கோடுகள், மறுபடி புள்ளிகள். இடுப்புச் சாவியை எடுத்துச் செண்பகத்தின் முந்தானையில் முடிந்தாள்.

"அடுத்த கோடு எப்ப ஆரம்பிக்கும்? எத்தினி நாள் கீது? இப்பவே எண்ணிச் சொல்லிடு."