விழ விடாத கை

முள்ளியவளையில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் கனடாவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அங்கே சம்பளத்துக்குப் பேஸ்போல் பந்து ஆடுபவர். மைதானத்தின் கடைசியில் நின்று, உயர்ந்து வரும் பந்தைப் பிடிப்பதுதான் வேலையாம். வருசத்துக்கொரு அணி, அணிக்கொரு ஊர் என்று அலைந்தவர். கதிரை போட்டாலும் உட்கார்ந்திருக்கமாட்டார். இடது உள்ளங்கையை வலது கையால் குத்தியபடி முற்றத்தில் நடப்பார்.

ஒருநாள் எங்கள் வீட்டு வளவில் ஆள் ஏற்றித் தேங்காய் பறித்தோம். "தள்ளி நில்லுங்கோ!" என்று மரத்திலிருந்தவர் கத்த, எல்லோரும் விலகி ஓடினோம். கனடாக்காரர் மட்டும் மரத்தடிக்கு ஓடி, வந்த காயை ஏந்திப் பிடித்தார். கை சிவந்து வீங்கியது.

"தம்பி, உமக்கென்ன விசரோ?" என்று கேட்டேன்.

"பழகிப்போச்சு அண்ணை. ஒரு பந்தை விட்டாலே அடுத்த வருசம் அணியில எடுக்கமாட்டினம்."

"இந்த வருசம் எடுத்திட்டினமோ?"

வீங்கிய கையை விரித்துக்கொண்டு, அண்ணாந்து அடுத்த குலையைப் பார்த்து நின்றார்.

மரத்திலிருந்தவரை இறங்கச் சொல்லிவிட்டேன்.