ஆறாம் வேற்றுமை

அறுபதுகளின் தொடக்கத்தில் புணேயில் மொழியியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். வாய்மொழித் தேர்வில் ஒருமுறை தவறியிருந்தேன். மறுபடியும் தவறினால் படிப்பு அத்தோடு சரி.

கல்கத்தாவிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கரும்பலகையைக் காட்டினார். ரஷ்யன், போலிஷ் போன்ற மொழிகளுக்கெல்லாம் தாயான ஆதி ஸ்லாவிய மொழியில் 'மகன்' என்ற சொல்லை எல்லா வேற்றுமையிலும் எழுதச் சொன்னார். அந்த மொழியில் ஒரு வரிகூட எழுத்தாக மிஞ்சவில்லை. கிளை மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் ஊகித்த வடிவங்கள்தான் உண்டு. அதற்கு அடையாளமாகச் சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி போடுவோம். குறி போட்டு 'ஸினு' என்று எழுதினேன். கடைசி உகரம் மிகக் குறுகியது. நம் குற்றியலுகரம் போலவே சொல்லிக் காட்டியதும் அவர் தலையசைத்தார். அந்தத் தைரியத்தில் மளமளவென்று எழுதி முடித்துக் கிளம்பிவிட்டேன்.

கட்கியில், அப்பா வேலை பார்த்த வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் எங்கள் வீடு. சைக்கிளில் ஹோல்கர் பாலம் ஏறும்போது எழுதியதை மனத்துக்குள் ஒப்பித்துப் பார்த்தேன். ஆறாம் வேற்றுமைக்கு, அதாவது 'மகனுடைய' என்பதற்கு, 'ஸினா' என்று எழுதியிருந்தேன். அது இன்றைய ரஷ்யன்! ஆதி வடிவம் 'ஸினூ'. சைக்கிளைத் திருப்பினேன்.

தேர்வாளர் வராந்தாவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஆறாம் வேற்றுமையைத் தப்பாக எழுதிவிட்டேன்," என்றேன் ஆங்கிலத்தில், மூச்சிரைக்க.

"பார்த்தேன். உனக்கு எப்படித் தெரிந்தது?"

"வடமொழியில் அது 'சூனோஹ்'. அந்த ஓகாரம் ஸ்லாவியத்தில் ஊகாரமாகத்தான் ஆகும். 'ஆ' வேறு வகைச் சொற்களிலிருந்து பிற்பாடு வந்து ஒட்டியது."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "மதிப்பெண்ணைக் கூட்ட முடியாது. உறையை ஒட்டியாகிவிட்டது." என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "அட, ஒரு விகுதிக்காக யாராவது தோற்கடிப்பார்களா? நீ எப்போதோ தேறிவிட்டாய். வீட்டுக்குப் போ."

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. அப்பா அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அந்த பாஷைய இப்ப யாரும்மா பேசறாங்க?"

"யாரும் இல்லப்பா."

"எழுதி வச்சிருக்காங்களா?"

"அதுவும் இல்ல."

"அப்ப நீ எழுதினது தப்புன்னு அவருக்கு எப்டித் தெரியும்?"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அம்மா ரவையில் ஷீரா கிளறிக் கொடுத்தாள். இரண்டு தட்டு தின்றுவிட்டு, வெயில் தாழும் முன்பே படுத்துத் தூங்கிப்போனேன்.