இனிசியல் இல்லாத பிள்ளைகள்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். திண்டுக்கல் பக்கம் அகரம் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் சம்பளம் வாங்கக் கையெழுத்துப் போடத்தான். எங்கே சின்ன 'ர' வரும், எங்கே பெரிய 'ற' வரும் என்று இன்றைக்கும் தடுமாறுவேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். என் மனைவியையும் பிள்ளைகளையும் பற்றிச் சர்க்காருக்குப் போன காகிதங்களை எல்லாம் வேறு ஆட்கள்தான் எழுதினார்கள். அவர்களுடைய எழுத்து அழகாக இருக்கும். ஆனால் நான் சொன்னது ஒன்று, அதில் ஏறியது ஒன்று.

பர்மாவில் ஓர் ஆற்றங்கரை ஊரில் அரிசி மில்லில் வேலை பார்த்தேன். மில் வாசலில் ஒரு பர்மியப் பெண் இடியாப்பம் மாதிரி ஒன்றில் மீன் சாறு ஊற்றி விற்பாள். அவள் புருஷன் நெல் ஏற்றும் படகுக்காரன். ஒரு மழைக்காலத்தில் படகு கவிழ்ந்தது. கூட இருந்தவர்களின் உடல் எல்லாம் கிடைத்தது, அவன் உடல் மட்டும் கிடைக்கவில்லை. அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் நான் மில்லில் சேர்ந்தேன், அவளிடம் வருடக்கணக்கில் சாப்பிட்டேன். காசு கொடுப்பதும் மீதி வாங்குவதும் தவிர ஒரு பேச்சுக் கிடையாது. யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேச எனக்கு வராது. கடைசியில் அவள்தான் பேசினாள். "நாளைக்கு ஊர்ப் பெரியவர்கள் வருகிறார்கள். குளித்துவிட்டு நல்ல துணி கட்டிக்கொண்டு வா" என்றாள். வந்தேன். பெரியவர்கள் முன்னால் இரண்டு பேரும் ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டோம். அந்த ஊரில் அதுதான் கல்யாணம். எழுத்தும் இல்லை, சாட்சிக் கையெழுத்தும் இல்லை.

தகப்பன் போனபோது சின்னவள் கைக்குழந்தை. அவளுக்கு நான் 'அப்பா' என்று நம் பாஷையில் சொல்லிக் கொடுத்தேன். தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கூப்பிடுவாள். பெரியவளுக்குத் தகப்பன் முகம் நினைவிருந்தது. மாமா என்பதற்கு அங்கே ஒரு சொல் உண்டு, அதைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டாள். நான் மாற்றச் சொல்லவில்லை. மழை பெய்தால் அவள் ஆற்றங்கரையில் போய் நிற்பாள். நான் பின்னாலேயே போய்க் குடை பிடிப்பேன். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசமாட்டோம். அந்த வீட்டில் என் சுபாவத்துக்கு ஒத்துப்போனது அவள்தான்.

பிறகு மில்லை அந்த நாட்டு சர்க்கார் எடுத்துக்கொண்டது. வெளிநாட்டார் இருப்பதற்கான அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. கப்பல் ஏறச் சொல்லிவிட்டார்கள். என் மனைவியும் பிள்ளைகளும் அந்த நாட்டுக் குடிகள். அவர்கள் வெளியே வர அங்கே அனுமதி வேண்டும். இங்கே வந்து குடியிருக்க நம் சர்க்காரின் விசா வேண்டும். "நீ முன்னால் போய் எழுதிப் போடு. நாங்கள் வருவோம்" என்றாள். அதை நம்பித்தான் ஏறினேன்.

திண்டுக்கல்லில் அக்கா வீட்டில் தங்கினேன். வேடசந்தூர் ரோட்டில் ஒரு புகையிலைக் கிட்டங்கியில் இலை காயப்போடும் வேலை கிடைத்தது. முதல் கூலியை வாங்கிய கையோடு தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் போனேன்.

"பிள்ளைக பேரு சொல்லு."

சொன்னேன். இரண்டு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

"இனிசியலு?"

"இல்லீங்கய்யா. அந்த ஊருல அப்பன் பேரு சேக்க மாட்டாக. பொறந்த கெழமையப் பாத்துப் பேரு வப்பாக."

"கெழமையா? அப்ப செவ்வாக்கெழம பொறந்ததெல்லாம் ஒரே குடும்பமாப்பா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"இனிசியல் இல்லாமப் பேரு எழுதுனா மொட்டையா இருக்கும்யா. மொட்டைக் கடுதாசின்னு தூக்கிப் போட்டுருவான். அதுகளுக்குச் சோறு போட்டது யாரு?"

"நாந்தேன்."

"பெறகென்ன?" என்று என் பெயரின் முதலெழுத்தை இரண்டு பெயருக்கும் முன்னால் போட்டுவிட்டார்.

வேண்டாம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவர்களை என் பிள்ளைகள் என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்த எழுத்து சொன்னது. மனுவைத் தபாலில் போடும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி ரங்கூனில் நம் தூதரகத்தில் கொடுத்த மனுவிலோ இனிசியல் கிடையாது. தகப்பன் என்ற இடத்தில் படகுக்காரன் பெயர் இருந்தது. இரண்டு மனுவும் ஏதோ ஒரு மேஜையில் போய்ச் சேர்ந்தன. ஒரு நாள் கிட்டங்கிக்கு ஏட்டையா விசாரிக்க வந்தார்.

"ஒனக்குப் பிள்ளைக எத்தனைய்யா?"

"ரெண்டுங்க."

"காயிதத்துல நாலுல்ல இருக்கு. ஒன் பேருல ரெண்டு. அந்தம்மாவுக்கு மொதப் புருசன் மூலமா ரெண்டு. மிச்ச ரெண்டையும் எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

இலை கட்டிக்கொண்டிருந்த பெண்கள் விடவில்லை. "வாயே தொறக்க மாட்டாரு, நாலு பெத்துருக்காரு பாருடி!" என்றாள் ஒருத்தி.

நான் விரல்களை நீட்டி மடக்கிச் சொல்லிப் பார்த்தேன். ஏட்டையா பொறுமையாகத்தான் கேட்டார். "ரெண்டுன்னே எழுதிட்டேன். மேல போயிச் சேரும்போது எத்தனையாகுமோ, அது ஒன் யோகம்" என்று சைக்கிளை எடுத்தார்.

கொஞ்ச நாளில் ஒரு கடிதம் வந்தது. முதல் புருஷனின் பிள்ளைகளை அழைத்துவர அவர்களுடைய தகப்பனின் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் அவன் இறந்துபோனதற்கு அத்தாட்சி வேண்டும் என்று அதில் இருந்தது. நான் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"செத்தவங்கிட்டச் சம்மதம் கேக்கணுமாக்கும்? அதுக்கு ஆபீசு எதுக்குடா? கோடாங்கி எதுக்கு இருக்காரு?" என்றாள்.

எனக்கு மனமில்லை. ஆனால் அக்காவை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. வேடசந்தூர் தாண்டி ஒரு கிராமத்துக்குக் கூட்டிப்போனாள். குறி சொல்லும் அந்தக் கோடாங்கியிடம் அவள் அதிகம் சொல்லவில்லை. தண்ணீரில் போன ஆள், அவன் என்ன சொல்கிறான் என்று மட்டும் கேட்டாள். அவர் உடுக்கை அடித்தார். கண் சொருகியது. "தண்ணியில போனவன் தண்ணியிலதேன் நிக்கிறான். பிள்ளை பேரச் சொல்லிக்கிட்டு நிக்கிறான். ஆளு சாகல தாயி" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா இரண்டு டிக்கெட்டையும் மடித்து முந்தானையில் முடிந்தாள். பிறகு, "அந்தக் கோடாங்கி சொல்றது எல்லாமா பலிக்கும்? பக்கத்து வீட்டு எரும காணாமப் போனப்ப வேடசந்தூருல நிக்குதுன்னான். அது ஆயக்குடியில கெடந்துச்சு" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஆனா எரும உசுரோட கெடச்சுச்சு" என்றாள்.

அவன் உயிரோடு இருந்தால் என் மனைவி இன்னொருவன் மனைவி. பிள்ளைகள் இன்னொருவன் பிள்ளைகள். நான் அந்த வீட்டில் சாப்பிட்டுப் போன ஆள். இதை யாரிடம் சொல்ல?

அதற்குப் பிறகுதான் என் கண்ணுக்கு அது தெரிய ஆரம்பித்தது. உச்சி வெயிலில் மற்றவர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள். காயப்போட்ட இலைக்குக் காவலாக நான் களத்தில் உட்கார்ந்திருப்பேன். எங்கள் பக்கத்து வெயில் தெரியும் அல்லவா, தூரத்தில் ரோடும் கரிசல் காடும் சேர்ந்து தண்ணீர் மாதிரி ஆடும். அந்தத் தண்ணீரில் இடுப்பு வரை நனைந்து ஓர் ஆள் நிற்பான். கைலியை முன்பக்கம் சுருட்டி முடிந்திருப்பான், அங்கே ஆண்கள் கட்டுகிற மாதிரி. முகம் தெரியாது. உயிரோடு இருந்தபோது நான் அவனைப் பார்த்ததில்லை, அதனால் முகம் இல்லாமல் வந்தான் என்று நினைத்துக்கொள்வேன். அவன் ஒன்றும் கேட்கமாட்டான். கேட்டிருந்தால்கூடப் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். நான் தலையைக் குனிந்துகொள்வேன். யாராவது செருப்புச் சத்தத்தோடு வந்த பிறகுதான் நிமிர்வேன்.

மழைக்காலம் ஒன்று போயிற்று. பர்மாவிலிருந்து கடிதம் வந்தது. அந்த ஊரில் டீக்கடை வைத்திருந்த தமிழ்ப் பாய் ஒருவர் கப்பல் ஏறாமல் தங்கிவிட்டார். என் மனைவி சொல்லச் சொல்ல அவர்தான் தமிழில் எழுதுவார்.

"தம்பிக்கு சலாம். ரங்கூனுக்குக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. பிள்ளைங்க ரெண்டையும் தனித்தனியா உக்கார வெச்சு, ஒங்கப்பா பேரு என்னன்னு கேட்டாங்க. சின்னது ஒம் பேரைச் சத்தமாச் சொல்லிருச்சு. பெரியது அந்தப் படகுக்காரன் பேரைச் சொன்னுச்சு. அந்த ஆபீசர் நல்ல மனுசன், நல்லா யோசிச்சுச் சொல்லும்மான்னு ரெண்டாம் முறை கேட்டாராம். அப்பவும் அதே பேருதான். அதனால ஒன் வீட்டம்மாவுக்கும் சின்னதுக்கும் விசா உண்டு. பெரியதுக்கு அப்பன் செத்த அத்தாட்சி வந்தாத்தான். பெரிய பிள்ளை அன்னையிலேருந்து சரியாச் சாப்பிடறதில்லே, யார்கிட்டயும் பேசறதில்லே. ஒன் வீட்டம்மா சொல்றாங்க: எனக்குப் பிள்ளை ரெண்டு, ஒண்ணை விட்டுட்டு வரமாட்டேன்."

அந்தப் பிள்ளை சொன்னது சரி. அவள் தகப்பன் பெயரை அவள் சொன்னாள். எனக்குத் துளி வருத்தமும் இல்லை. அவள் பேசாமல் இருக்கிறாள் என்று படித்ததுதான் தாங்கவில்லை. அவள் பேசாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மறுபடியும் மனு எழுதுகிறவரிடம் போனேன்.

"சின்னவ பேருக்கு முன்னாடி போட்ட எழுத்தையும் எடுத்துருங்கய்யா."

"கிறுக்காய்யா பிடிச்சிருக்கு ஒனக்கு? கெடச்ச ஒண்ணையும் கைய விட்டுப் போடுறேங்குற?"

"ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைக. காயிதத்துலயும் ஒண்ணா இருக்கட்டும்."

"அப்ப ஒனக்குப் பிள்ளையே இல்லைன்னு எழுதணும். ரெண்டும் மொதப் புருசன் பிள்ளைக, அவன் செத்துட்டான்னு நீ சத்தியம் பண்ணணும். சம்மதமா?"

"சம்மதந்தேன்."

அவர் பேனாவை மூடி என் முகத்தைப் பார்த்தார். "சத்தியம் பண்றது நீ. ஆளு செத்தது ஒனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

உடுக்கைச் சத்தம் காதில் கேட்டது. ஆனாலும் வாய் தானாகப் பதில் சொன்னது.

"உசுரோட இருந்தா பிள்ளைகளப் பாக்க வந்திருப்பானுங்கய்யா."

"அதுவுஞ்சரி" என்று அவர் எழுதினார். எனக்குப் பிள்ளைகள் இல்லை என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

பஸ் ஸ்டாண்டு வரை நடந்துவிட்டேன். அங்கே டீக்கடை முன்னால் நிற்கும்போதுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. நான் உயிரோடுதான் இருக்கிறேன். நான் பிள்ளைகளைப் பார்க்கப் போனேனா? எனக்கு அனுமதி இல்லை, கப்பல் இல்லை, அதெல்லாம் எனக்குத் தெரியும். அவனுக்கும் ஏதாவது ஒன்று இல்லாமல் இருந்திருக்கலாம். ஆற்றங்கரையில் நிற்கிற பிள்ளைக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

அடுத்த நாள் உச்சி வெயிலில் தண்ணீரில் நின்றவனுக்கு முகம் இருந்தது. சவரம் பண்ணும்போது கண்ணாடியில் நான் பார்க்கிற முகம்.

மனு போய்ச் சேர்ந்தது, பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அடுத்த மழைக்காலமும் முடிந்தது. போன வாரம் பாயின் கடிதம் வந்தது.

மழை முடிந்ததும் அங்கே பிட்சுகளுக்குச் சோறு போட்டு, இறந்துபோனவர்களின் பெயரைச் சொல்லித் தண்ணீர் வார்ப்பார்கள். புண்ணியம் அவர்களுக்குப் போய்ச் சேரும் என்பார்கள். என் மனைவி வருடா வருடம் படகுக்காரனுக்குச் செய்வாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

"இந்த முறை படகுக்காரன் பேரைச் சொல்லித் தண்ணி ஊத்தினதும், சின்னது 'அப்பா'ன்னு சத்தமா ஒன்னையும் கூப்பிட்டுருச்சு தம்பி. பர்மாப் பேச்சுல இல்லே, நம்ம பேச்சுல. மடத்துல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ஒன் வீட்டம்மா அது வாயைப் பொத்தி, அவரு உசுரோட இருக்காருடின்னாங்க. அப்ப ஏன் வரலைன்னு கேட்டுச்சு. அதுக்குப் பெரிய பிள்ளை பேசுச்சு. இத்தனை மாசமாப் பேசாத பிள்ளை. 'எங்கப்பாவையும் மொதல்ல இப்படித்தான் உசுரோட இருக்காருன்னு சொன்னீங்க'ன்னுச்சு. ஒன் வீட்டம்மா என்கிட்டே வந்து அழுதாங்க. ஆபீஸ் கடுதாசி வரும்போது வரட்டும். நீ ஒரு வரி போடு."

இன்று கிட்டங்கிக்குப் போகவில்லை. காலையில் பாய்க்கு எழுதிவிட்டேன், பிள்ளைகளுக்கு வாசித்துச் சொல்லும்படி. பெரியவளுக்கு, நீ சொன்ன பெயர் சரி, யார் கேட்டாலும் அதையே சொல் என்று எழுதினேன். சின்னவளுக்கு, என் பெயருக்குத் தண்ணீர் வார்க்காதே, நான் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதினேன். எது வரைக்கும் உயிரோடு இருந்தேன் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அடியில் தேதி போட்டேன். பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாததை எல்லாம் இதில் எழுதினேன். இதற்கும் அதே தேதிதான்.

1967ஆம் வருடம், கார்த்திகை மாதம் ஒன்பதாம் தேதி.