சவர இயந்திரத்தின் உத்தரவாதம்

உத்தரவாத அட்டையின் ஆறாம் விதி தெளிவாகவே இருந்தது: ஓராண்டுக்குள் பேட்டரி பழுதானால் நிறுவனமே இலவசமாக மாற்றித் தரும், வெளியாள் மூடியைத் திறந்தால் உத்தரவாதம் செல்லாது.

கம்பியில்லாத அந்தச் சவர இயந்திரம் ஐயாவுடையது. கைநடுக்கத்தால் பிளேடு பிடிக்க முடியாத என் தகப்பனார், படுக்கையில் இருந்தபடியே அதைக்கொண்டு தினமும் தானே சவரம் செய்துகொள்வார். பிறர் கை முகத்தில் படுவதைப் பொறுக்கமாட்டார். எட்டாம் மாதம் பேட்டரி செத்தது.

பிரிக்ஃபீல்ட்ஸில் மின்சாதனம் பழுதுபார்க்கும் கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "உள்ள ரெண்டு பேட்டரிதான் அங்கிள். பத்து நிமிஷத்துல மாத்தித் தரேன் லா."

"திறந்தால் கேரண்டி போயிடும் தம்பி" என்று திரும்ப வாங்கிக்கொண்டேன். முப்பது ஆண்டு அரசாங்கக் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வுபெற்றவன் நான். விதி என் பக்கம் இருக்கும்போது விட்டுக்கொடுப்பேனா? பதிவுத் தபாலில் ஒரு கடிதம், பிறகு மூன்று நினைவூட்டல்கள்.

"கடுதாசி எழுதினால் தாடி விழுமோ?" என்று ஐயா கேட்டார். பின்னர் கேட்பதையும் விட்டார். யாரும் தன்னைப் பார்க்க வேண்டாமென்று அறைக்கதவைச் சாத்தச் சொன்னார். கடைசியில் அவருக்குச் சவரம் செய்தவர், உடலைக் குளிப்பாட்ட வந்த ஆள்.

புதிய பேட்டரி தர இசைவதாக நிறுவனத்தின் பதில், ஐயா இறந்த முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிச் சடங்கன்று காலையில் வந்தது.