மிளகாய்த்தூளும் ஒரு புகார்ப் படிவமும்

“நீங்கள் ஒராள்தான் கத்துறீங்கள் அக்கா. மற்ற ஆக்கள் எல்லாரும் பேசாமல் அரைச்சுக்கொண்டு போகினம்தானே?”

இப்படிக் கேட்டவர் வெள்ளவத்தையில் மில் வைத்திருக்கும் செல்வம். வீடு நடத்துகிற தொழிலில் சமைப்பதைவிடக் கஷ்டமானது அரைத்து எடுப்பது. மில் வாசலில் நின்று தும்மிப் பழகிய உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போன வருடம்வரை எங்கள் பக்கம் இரண்டு மில். ஒருவர் முகத்தைச் சுளித்தால் மற்றவரிடம் போகலாம். பிறகு செல்வம் பக்கத்து ஒழுங்கையில் இருந்த மற்ற மில்லையும் வாங்கி, பூட்டிப் போட்டார். அடுத்த கிழமையே அரைக்கிற கூலி ஏறியது. கூடவே ஒரு புதுச் சட்டம்: அவரிடம் வாங்கிய மிளகாயைத்தான் அரைப்பாராம்.

சிவப்புப் பிட்டு

முன்பு மாவுக்கு ஒரு மில், தூளுக்கு ஒரு மில் என்று நாங்களே பிரித்து வைத்திருந்தோம். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே இயந்திரம். எனக்கு முன்னால் நின்றவ மிளகாய் அரைத்தா. அடுத்தது என்னுடைய பச்சையரிசி. காலையில் பிட்டு அவித்தேன். என்ர மனிசன் ஒரு வாய் வைத்துவிட்டு மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தார். மிச்ச மாவைக் கொண்டுபோய்க் காட்டினேன். செல்வம் விரலால் தொட்டுப் பார்த்தார்.

“சிவப்பரிசி மா எண்டு நினைச்சுச் சாப்பிடுங்கோ அக்கா, உடம்புக்கு நல்லது.”

வேறு வழி

அன்றைக்கே நுகர்வோர் அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். கொன்வென்ட் சிஸ்டர்மார் அடித்துத் திருத்திய கையெழுத்து. ஒரு பிழை கிடையாது. கூப்பிட்டார்கள். அதிகாரி மலைநாட்டுப் பெண், பொறுமைசாலி. இரண்டு வியாபாரம் ஒன்றாவது மட்டும் குற்றமில்லையாம். அதனால் வாங்குகிறவர்களுக்கு வேறு வழி இல்லாமல் போனதா என்றுதான் பார்ப்பார்களாம்.

“கொட்டாஞ்சேனையில மில் இருக்குதுங்களே அம்மா, அங்க போகலாந்தானே?”

பஸ்

போனேன். போகாமலே பேசினேன் என்று ஒருவரும் சொல்லக்கூடாது. அரைத்த தூள் சுடச்சுட இருக்கும். பையின் வாயைக் கட்டினால் வியர்த்துக் கட்டிபட்டுவிடும். அதனால் திறந்தபடியே மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். கோட்டையில் முன் சீற்றுக்காரர் தும்மினார். கொள்ளுப்பிட்டியில் பாதி பஸ். பம்பலப்பிட்டியில் டிரைவர் ஓரமாக நிறுத்திவிட்டுத் தும்மினார். கண்டக்டர் கண்ணைத் துடைத்தபடி வந்தார்.

“டிக்கட் சல்லியைத் தாறன் அக்கா, இறங்குங்க.”

பேர்

திரும்பவும் அலுவலகத்துக்குப் போய்ச் சொன்ன பஸ் கதைக்கு அதிகாரி சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். பிறகு ஒரு படிவம் தந்தார். வெள்ளிக்கிழமைக்குள் இன்னும் நாலு வாடிக்கையாளர் கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் என் புகார்க் கோப்பை மூடிவிடுவார்கள்.

“ஒருத்தர் சொன்னா அது சண்டைங்க அம்மா, அஞ்சு பேர் சொன்னாத்தான் விசாரணை.”

நேராகக் கீழ் வீட்டு மிசிஸ் ராஜநாயகத்திடம் போனேன். அவவின் மா சிவந்த அன்று என்னைவிடப் பெரிதாகக் கத்தியவ. பேனையை நீட்டினேன். கையைச் சேலையில் துடைத்தா, பேனையை வாங்கவில்லை.

“எழுதுங்கோ, நான் உங்களுக்குப் பின்னால நிக்கிறன், பேரை மட்டும் போடாதேங்கோ.”

வியாழக்கிழமை

இன்றைக்குப் படிவத்தோடு மில்லுக்கே வந்துவிட்டேன். வரிசையில் ஏழு பேர். ஏழு பையிலும் செல்வத்திடம் வாங்கிய மிளகாய். இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். செல்வம் சிரித்துக்கொண்டே நிறுத்தினார், எல்லாருக்கும் கேட்கட்டும் என்று. இரண்டு மில் ஒரு மத்தியானத்தில் ஒன்றாகிவிட்டன, நாங்கள் மட்டும் இன்னும் தனித்தனியாகத்தான் தும்முகிறோம்.

“நாலு பேர் கையெழுத்துப் போட்டால் காணும். ஆர் முதல் போடுறீங்கள்?”

எல்லாரும் தங்கள் தங்கள் பையைப் பார்த்தார்கள். பேனையின் மூடியைக் கழற்றி இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

“ஆராவது ஒராள் தொடங்குங்கோ.”