பாலில் இரண்டு சொட்டு

ஜப்பானில் அணுமின் நிலையம் வெடித்த செய்தி டிவியில் ஓயாமல் ஓடிய நாட்களில், டெல்லி ஜனக்புரி வீட்டில் மூன்று வயது மகளோடு பகலெல்லாம் தனியாக இருந்தேன். கணவர் ஆபீஸிலிருந்து போன் செய்து, "டிவியை அணைச்சுட்டு வேற வேலையப் பாரு" என்பார். அணைப்பேன். பத்து நிமிஷத்தில் இன்டர்நெட்டைத் திறப்பேன். ஓரிடத்தில் இந்தியாவுக்கு ஆபத்தில்லை என்றிருக்கும்; இன்னோரிடத்தில் காற்று திசை மாறலாம் என்றிருக்கும். இரண்டாவதைத்தான் இன்னொரு முறை படிப்பேன்.

அயோடின் கதிர்வீச்சிலிருந்து குழந்தைகளின் தைராய்டைக் காப்பாற்றும் என்று படித்ததும் சமையலறைக்குப் போனேன். எங்கள் வீட்டில் கல்லுப்புதான். பாக்கெட் உப்பில் சாம்பார் சரியாக வராது என்று ஐ.என்.ஏ. மார்க்கெட் வரை போய் வாங்கி வருவேன். அந்த உப்பில் அயோடின் சேர்ப்பதில்லை. நாக்கு ருசிக்காக மூன்று வருஷம் பிள்ளையை ஏமாற்றிவிட்டேனோ?

"அயோடின் மாத்திரை இல்லை பாபிஜி, காலையிலிருந்து நீங்கள் நாலாவது ஆள்" என்று மருந்துக்கடைக்காரர் இந்தியில் சொல்லிச் சிரித்தார். வீடு திரும்பியபோது போனில் ஒரு மெசேஜ் வந்திருந்தது. காயத்துக்குப் போடும் டிங்சரிலும் அயோடின்தானாம்; அதில் இரண்டு சொட்டைப் பாலில் கலந்து கொடுத்தால் போதுமாம். ஞாயிறு தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரும் ஆறு அம்மாக்களுக்கு அதை அனுப்பிவிட்டு, நானும் கலந்தேன். மகள் ஒரு வாய் குடித்து, "கந்தா ஹை", நல்லாவே இல்லை என்று தம்ளரைத் தள்ளிவிட்டாள்.

எதிர் ஃபிளாட்டில் இருக்கும் நாகர்கோவில் அக்கா நர்ஸ் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"குடிக்கவா குடுத்தே, மக்ளே? பாட்டில்ல விஷம்னு போட்டிருக்குல்லா?"

மகளின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் செய்தார். ஒரு வாய்தான் என்பதால் பயமில்லை, வாந்தி வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

"நீ எம்.எஸ்ஸி. படிச்சவதானே?" என்றார் அக்கா. பிறகு, "வேற யாருக்கும் சொன்னியா?"

அவர் வீட்டிலேயே நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். "நீங்க அனுப்பறதை நான் எப்பவுமே படிக்கறதில்ல, கோச்சுக்காதீங்க" என்றாள் ஒருத்தி. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஐந்து பேர் எடுத்தார்கள்; யாரும் இன்னும் கொடுத்திருக்கவில்லை. ஆறாவது பெண் எடுக்கவில்லை. கைக்குழந்தைக்காரி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என்னைக் கேட்டுத்தான் மருந்து கொடுப்பாள்.

மகளை அக்காவிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். மூன்றாவது முறை பெல் அடித்த பிறகு கதவைத் திறந்தாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"நல்லவேளை வந்தீங்க. இங்க எந்தக் கடையிலயும் டிங்சர் கிடைக்கல. உங்ககிட்ட மிச்சம் இருக்குமா?"

வாசலில் நின்றபடியே, என் மகளுக்கு நான் கொடுத்ததை முதலிலிருந்து சொன்னேன்.